அரிதாள் விளக்கு இனி வேண்டாமென்று தண்ணாற்று நாட்டாருக்கு விடுத்த ஓலை

மழை பருவம் பிழையாதிருக்க, மடைநீர் கடைவயல் வரை சேர, கன்றும் காலியும் பெருக, அருங்குன்றக் கோட்டையில் வீற்றிருந்து தண்ணாற்று நாட்டைக் காக்கும் சேந்தன் மாறனார் திருவாய் மலர்ந்து சொல்ல, அவர்தம் ஓலை எழுதும் தத்தன் கேட்டு எழுதியது. கீழைக்கூற்றத்திலும் மேலைக்கூற்றத்திலும் உள்ள ஊர்ச்சபையாரும், உழுகுடியாரும், ஆயரும், மடைகாவலரும், அவர்தம் இல்லத்துப் பெண்டிரும் பிள்ளைகளும் நலமே வாழ்க. உங்கள் ஊர்த் தெய்வங்கள் உங்கள் எல்லையை விட்டு அகலாதிருக்க. இவ்வோலை வந்து சேரும் நாளில் உங்களில் எவர் வீட்டிலும் நோயும் பிணக்கும் இல்லாதிருக்க.

அரச ஓலை என்றால் விருதுப் பெயர்கள் முதலில் வரவேண்டும் என்பதை நீங்களும் அறிவீர்கள், எழுதுவோனும் அறிவான். அவ்வாறே அவன் பகை கடந்த பெருமான் என்றும், நீர்க்குலத் திலகர் என்றும், நாடு விளக்கிய நம்பி என்றும் வரிசையாகக் கீறிக்கொண்டு வந்தான். கடைசிப் பெயரில் எழுத்தாணி ஊன்றியபோது அரசர் கை நீட்டித் தடுத்தார். ஓலையை வாங்கி இரண்டாக நறுக்கிவிட்டு, வேறோர் ஏடு எடுக்கச் சொன்னார். இந்த ஓலையில் தம் பெயர் மட்டும் போதும் என்றும், நடந்ததை நடந்தபடியே எழுத வேண்டும் என்றும், குடிகள் பேசியதை அவர்கள் பேசியபடியே எழுத வேண்டும் என்றும், அரண்மனைத் தமிழில் தோய்த்து எடுத்தால் எழுதுவோனின் விரலைக் கொதிநீரில் தோய்த்து எடுப்பதாகவும் கட்டளையாயிற்று. தலைமுறை தலைமுறையாகப் புகழ் எழுதிப் பிழைத்த குடியில் பிறந்தவனுக்கு இது பழகாத வேலைதான். ஆயினும் எழுதுகிறான்.

இத்தனை பீடிகை எதற்கென்றால், சென்ற ஆண்டும் இதே பொருள் பற்றி உங்களுக்கு ஓர் ஓலை வந்தது. அதை நீங்கள் நம்பவில்லை. இதையாவது நம்ப வேண்டும் என்பதற்காகவே அரசர் தம் மானத்தை அவிழ்த்து உங்கள் முன் வைக்கிறார். அறுவடை முடிந்து வரும் அமாவாசை மாலையில், வழக்கம்போல நீங்கள் வயல்தோறும் கதிர் அறுத்தபின் நிற்கும் அரிதாளுக்குத் தீயிட்டு விளக்கெடுப்பீர்கள். இவ்வாண்டும் எடுத்துவிட்டால், இன்னும் உயிர் ஒட்டிக்கொண்டிருக்கும் கொஞ்ச மண்ணும் போய்விடும். ஆகையால் அதற்கு முன் இவ்வோலை ஊர்தோறும் படிக்கப்பட வேண்டும்.

அந்த விளக்கு எப்படித் தொடங்கிற்று என்பது உங்களில் பலருக்குத் தெரியாது. தந்தையார் மறைந்து, முடி சூடிய முதல் ஆண்டில், அரசர் மிகவும் தனித்திருந்தார். சபையில் எல்லோரும் பணிந்தார்கள், ஒருவரும் பேசவில்லை. அறுவடைக் காலத்து மாலை ஒன்றில் கோட்டையின் மேல்மாடத்திற்கு வந்து நின்றவர், கீழே சமவெளியில் எங்கோ ஒரு குடியானவன் தன் வயலில் நின்ற அரிதாளைக் கொளுத்தியிருந்ததைக் கண்டார். பூச்சி தொலையவோ, அடுத்த உழவுக்கு வயல் சீக்கிரம் ஒழியவோ அவன் கொளுத்தியிருப்பான். அவன் யாரென்று இன்றுவரை தெரியாது. அந்தச் சிவந்த கோடு இருளில் மெல்ல நகர்ந்ததைப் பார்த்து அரசர், யாரோ எனக்காக ஒரு விளக்கு ஏற்றி வைத்தது போலிருக்கிறது என்றார். அவ்வளவுதான் சொன்னார். அருகில், அரசாணைகளை நாட்டில் நிறைவேற்றும் நாட்டு நாயகம் மாறன் காடனார் நின்றிருந்தார்.

அரசர் வாயிலிருந்து விழுந்த பாராட்டை ஆணையாக மாற்றுவதில் காடனாருக்கு இணை இந்நாட்டில் இல்லை. மறு ஆண்டு அறுவடை முடிந்த அமாவாசையன்று நாடெங்கும் அரிதாள் எரிந்தது. ஆற்றின் இரு கரையும் பொன் கரை நெய்த ஆடை போலக் கிடந்தன. மேல்மாடத்தில் நின்ற அரசருக்குக் கண் கலங்கிற்று. இவ்வளவு பேர் தம்மை நினைக்கிறார்களே என்று அவர் மகிழ்ந்தார். அந்த மகிழ்ச்சி பொய்யில்லை, அதை மறைக்க வேண்டாம் என்றும் சொன்னார், ஆகவே எழுதப்படுகிறது.

அதற்கடுத்த போகம் பயிர் முன்னெப்போதையும் விடப் பச்சையாக எழுந்தது. அதுதான் எல்லோரையும் ஏமாற்றியது. அரசரின் ஒளி மண்ணில் இறங்கிவிட்டது என்று அவைப்புலவர்கள் பாடினார்கள், காடனார் விழாவுக்கு அரிதாள் விளக்கு என்று பெயரிட்டார், அரசருக்கு நாடு விளக்கிய நம்பி என்ற விருதும் வந்தது. அந்தப் பச்சை சாம்பலின் பச்சை என்பதும், அவசரத்தில் வந்தது அவசரத்திலேயே போய்விடும் என்பதும் அன்று அரண்மனையில் எவருக்கும் தோன்றவில்லை. விளக்கு வழக்கமாயிற்று, வழக்கம் கடமையாயிற்று. மேல்மாடத்தில் ஆள் நிறுத்தி, எந்த ஊர் ஒளிர்கிறது எந்த ஊர் மங்குகிறது என்று பார்க்கவும் தொடங்கினார்கள்.

 

நான்காம் விளக்கின் மாலையில், ஒளிக்கடலின் நடுவே ஓரிடம் கறுப்பாகக் கிடந்தது. அது புன்னைமேடு. காடனார் சுட்டிக்காட்டவில்லை, காவலாளும் சுட்டிக்காட்டவில்லை. அரசரே கண்டார், அரசரே கேட்டார். அந்தக் கறை யாருடையது என்பது அவர் கேட்ட சொல். அந்த ஊரின் தலைவன் ஓரிச்சாத்தன் என்றார்கள். ஏன் ஏற்றவில்லை என்று கேட்டிருக்கலாம். ஓர் ஆளை அனுப்பிக் கேட்டுவர ஒரு பகல் போதும். அரசர் கேட்கவில்லை. எல்லோரும் நினைக்கும்போது இவன் மட்டும் நம்மை நினைக்கவில்லை என்ற எண்ணம் முள்ளாய்த் தைத்தது. புன்னைமேட்டு வயல்களைப் பறித்துக் காடனாரின் மருகனுக்குக் கொடுக்கவும், ஓரிச்சாத்தனையும் அவன் ஊராரையும் கழிமுகத்து உப்பு நிலத்தில் குடியேற்றவும் ஆணை பிறந்தது. அதன்பின் அவர்கள் என்ன ஆனார்கள் என்று அரண்மனையில் ஒருவரும் கேட்கவில்லை, ஒருவரும் சொல்லவில்லை. அதற்கடுத்த ஆண்டு ஒளிக்கடலில் எங்கும் கறையில்லை.

ஆண்டுகள் போகப் போக விளைச்சல் இறங்கிற்று. கதிர் குட்டையாயிற்று, மணி பதராயிற்று, மடை திறந்தால் நீர் நிலத்தில் இறங்காமல் மேலோடி அடுத்தவன் வயலுக்குப் போயிற்று. அரசர் கோயில்களில் வேள்வி செய்வித்தார். குடிகள் சோம்பிவிட்டார்கள் என்று காடனார் சொன்னபோது அதையும் பாதி நம்பினார். அவ்வாறு நம்பியதை இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது என்று சொல்லச் சொன்னார்.

சென்ற ஆண்டு ஆலங்காட்டுத் தேர்த்திருவிழாவுக்கு அரசர் வந்ததை நீங்கள் அறிவீர்கள். தேர்க்கொட்டகையை ஒட்டி ஒரு வயல் துண்டு இருக்கிறது. மரத்தேரும் கூரைக் கொட்டகையும் பற்றிக்கொள்ளுமே என்று பயந்து அந்தத் துண்டில் மட்டும் எந்த ஆண்டும் தீயிட்டதில்லை. தேர் வடத்தைத் தொட வந்த அரசர் அந்த வயலைக் கண்டு நின்றுவிட்டார். வரப்புக்கு இந்தப் பக்கம் பயிர் மார்பளவு கரும்பச்சையாக நின்றது, அந்தப் பக்கம் முழங்கால் அளவு மஞ்சளாக நின்றது. வித்து ஒன்று, நீர் ஒன்று, வெயிலும் ஒன்று. வடம் பிடிக்க வேண்டிய நேரத்தில் அரசர் வரப்பில் குந்தி மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்தார். தேவர் தேரில் காத்திருக்க இவர் சேற்றில் இருந்தாரே என்று பட்டர்கள் முகம் சுளித்தார்கள்.

இரு பக்கத்து மண்ணையும் கூடையில் கோட்டைக்குக் கொண்டுவரச் செய்து, அரண்மனை மருத்துவர் சீராளனாரை அழைத்தார். இரண்டு சட்டிகளில் மண்ணை இட்டு நீர் ஊற்றினார்கள். கொட்டகை மண் நீரைக் குடித்தது, பொலபொலவென்று உதிர்ந்தது, அதில் மண்புழுக்கள் நெளிந்தன. எரிந்த மண்ணின் மேல் நீர் நின்று ஆடிற்று, பிறகு விளிம்பால் வழிந்தது. அதில் ஒரு புழுவும் இல்லை.

சீராளனார் சொன்னதன் சாரம் இது. பயிர் மண்ணிலிருந்து எடுத்ததில் நெல்மணிக்குப் போனது போக மிச்சமெல்லாம் தாளிலும் வைக்கோலிலும் இருக்கிறது. அது மண்ணுக்குத் திரும்ப வேண்டிய பங்கு. தீயிட்டால் அதிலுள்ள தழைச்சத்து, இலைக்குப் பச்சை தரும் அந்தச் சத்து, ஏறக்குறைய முழுவதும் புகையோடு போய்விடும். கந்தகமும் பெரும்பாலும் போய்விடும். மணிச்சத்தும் சாம்பல்சத்தும் ஓரளவு சாம்பலில் தங்கும், அதனால்தான் முதலாண்டு பயிர் துள்ளி எழுந்தது. ஆனால் சாம்பலைக் காற்று வாரும், முதல் மழை கழுவும். அதோடு முடியவில்லை. வைக்கோல் மட்கினால்தான் மண்ணுக்கு இளக்கமும் நீரைப் பிடித்து வைக்கும் தன்மையும் உண்டாகும். மண்புழுவும் கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிர்களும் அதைத் தின்றுதான் வாழ்கின்றன. மேல்மண் வெந்தால் அவை சாகும், சாகாதவை பட்டினி கிடக்கும். ஆண்டுக்கு ஒருமுறை சோற்றுப் பானையை எடுத்து அடுப்பில் கவிழ்த்தது போன்ற காரியம் இது என்றார் சீராளனார்.

இத்தனை தெரிந்தும் ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று அரசர் கேட்டார். பயிர் செய்பவர்களுக்குத் தெரியாததா, அவர்களே மகிழ்ந்து செய்கிறார்கள் என்று எண்ணியிருந்தேன் என்றார் மருத்துவர்.

அன்றைக்கே உண்மையை ஓலையில் எழுதியிருந்தால் ஒரு விளக்காவது குறைந்திருக்கும். அரசருக்கு மனம் வரவில்லை. நாடு விளக்கிய நம்பி நாட்டைச் சுட்ட நம்பி என்று எப்படி எழுதுவது? ஆகவே மெத்தென்ற ஓர் ஓலை எழுதுவித்தார். குடிகளின் அன்பால் நம் உள்ளம் நிறைந்தது, இனி விளக்கெடுத்து வருந்த வேண்டா, உங்கள் அன்பே எமக்கு ஒளி என்று அது சொல்லிற்று. அதை எழுதியவனும் இதே தத்தன்தான். நடை நன்றாக இருந்தது. அரசரும் பாராட்டினார்.

அந்த ஓலைக்கு நீங்கள் செய்த மறுமொழியை நாடு அறியும். அரசர் கூச்சப்படுகிறார், பெருந்தன்மையால் வேண்டாம் என்கிறார் என்று பாதிப்பேர் எண்ணினீர்கள். நம் பக்தியைச் சோதிக்கிறார் என்று மீதிப்பேர் எண்ணினீர்கள். அமாவாசை மாலையில் அரிதாளோடு நில்லாமல் வைக்கோல் போரையும் இழுத்துவந்து எரித்தீர்கள். சில ஊர்களில் பழைய கூரையையும் பிரித்துப் போட்டீர்கள். மேல்மாடத்தில் அரசர் இரு கையாலும் கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு, வேண்டாம் வேண்டாம் என்று தமக்குள் சொல்லிக்கொண்டு நின்றார். பின்னால் நின்ற காடனார், பாருங்கள் அன்பை என்றார்.

விடிந்ததும் அரசர் குடையும் பரிவாரமும் இன்றி ஆலங்காட்டுக்கு வந்தார். சாம்பல் காற்றில் பறந்துகொண்டிருந்தது, எல்லோரும் இருமிக்கொண்டிருந்தார்கள். ஊர்ச்சபையாரை அழைத்து, தாளை எரித்தால் மண் கெடும் என்பது உங்களுக்குத் தெரியாதா என்று கேட்டார்.  சபைத்தலைவர் கூத்தன் ஐயாறன் தலையைக் குனிந்தபடி சொன்னதை அப்படியே எழுதச் சொன்னார் அரசர்:

"தெரியாம என்ன சாமி. அஞ்சாம் வருசமே தெரிஞ்சுபோச்சு. ஆனா புன்னைமேட்டுக்காரங்கள நெனச்சோம். புள்ள குட்டியோட போனாங்களே, அத எல்லாரும் நின்னு பாத்தோமில்ல. வேணாம்னு ஓல வந்தப்பவும் அதத்தான் நெனச்சோம். நெசமா வேணாமா, இல்ல யாரு நிறுத்துறாங்கன்னு பாக்குறாங்களான்னு எங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

அன்பென்று தாம் கண்ணீர் விட்டுப் பார்த்ததெல்லாம் அச்சத்தின் வெளிச்சம் என்று அரசருக்கு அப்போது தெரிந்தது. எல்லாமே அச்சமல்ல, முதலாண்டில் அன்பும் இருந்தது என்று ஐயாறன் ஆறுதலாகச் சொல்லிப் பார்த்தார். அது அரசரை இன்னும் வாட்டியது. இருந்த அன்பையும் தாமே கெடுத்துக்கொண்டோம் என்று தோன்றியது.

அங்கிருந்து கோட்டைக்குத் திரும்பாமல் அரசர் கழிமுகத்துக்குப் போனார். உப்பங்காற்றில் பனையோலைக் குடிசைகள் சில நின்றன. ஓரிச்சாத்தன் எங்கே என்று கேட்டார். அவன் இறந்து ஆண்டு இரண்டாகிவிட்டது என்றார்கள். உவர்நீரைக் குடித்துக் குடித்து வயிறு கெட்டுப் படுத்தவன் எழவில்லையாம். அவன் மனைவி வெண்ணி உப்பு வாரிக்கொண்டிருந்தாள். வந்தவர் யாரென்று அறிந்ததும் அவள் கும்பிடவும் இல்லை, ஏசவும் இல்லை. கையை உதறிவிட்டு நிமிர்ந்து நின்றாள். அந்த ஆண்டு ஏன் விளக்கேற்றவில்லை என்று, அன்று கேட்டிருக்க வேண்டியதை அரசர் அப்போது கேட்டார். அவள் சொன்னது:

"அந்த வருசம் மாட்டுக்கெல்லாம் வாய்நோவு. மேய்ச்சலுக்குப் போவ முடியல. கன்னுவ எல்லாம் எலும்பா நின்னுச்சுவ. வைக்கோலயும் கொளுத்திட்டா எதப் போடறது? ஊர்ல எல்லாரும் பயந்தாங்க. எங்க வீட்டுக்காரருதான், ராசா நல்லவரு, ஒரு வருசம் வெளக்கு கொறஞ்சா கோவிச்சுக்க மாட்டாருன்னாரு. அவரு பேச்சக் கேட்டு எல்லாரும் சும்மா இருந்துட்டாங்க. இங்க வந்தப்புறம் அதச் சொல்லிச் சொல்லியே ஊர் சனம் அவர வைஞ்சுச்சு. சாவுற வரைக்கும் அவரு பதிலே பேசல."

ராசா நல்லவர் என்று நாட்டில் ஒரே ஒருவன் நெஞ்சார நம்பினான், அவனையே நாம் கொன்றோம் என்று அரசர் சொன்னார். கொன்றோம் என்ற சொல்லை வேறு சொல்லாக மாற்றலாமா என்று எழுதுவோன் பணிந்து கேட்டான். மாற்ற வேண்டாம் என்றார்.

புன்னைமேட்டு வயல்களைக் காடனாரின் மருகனிடமிருந்து மீட்டு அவளுக்கும் அவள் ஊராருக்கும் திருப்பித் தருவதாகச் சொல்லி, அரசர் அவளைத் தேரில் ஏறச் சொன்னார். அவள் ஏறவில்லை. மாட்டு வண்டியில் தன் மக்களோடு வந்தாள், தேர் அதன் பின்னால் வந்தது. தன் வயல் வரப்பில் இறங்கியவள் சற்று நேரம் நாற்புறமும் பார்த்தாள். சாம்பல் அடித்துப்போன நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. குதிகாலால் மிதித்துப் பார்த்தாள், மண் உள்வாங்கவில்லை. இன்னும் நாலடி போய் இன்னோரிடத்தில் மிதித்தாள். பிறகு திரும்பி அரசரிடம், "இது எங்க வயலில்ல. வேற எங்கயோ கூட்டியாந்துட்டீங்க" என்றாள்.

அவள் பழித்துச் சொல்லவில்லை. உண்மையாகவே அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. பக்கத்து ஆலங்காட்டிலிருந்து ஐயாறன் வந்து கிணற்றையும் எல்லைக்கல்லையும் காட்டிய பிறகே நம்பினாள். நம்பியதும் வரப்பில் உட்கார்ந்து அழுதாள். கணவன் செத்ததற்குக் கூடத் தன் அம்மா இப்படி அழவில்லை என்று அவள் மகள் சொன்னாள். அரசர் அருகில் நின்றார்.  பறித்ததைத் திருப்பித் தர அரசனால் முடியும், ஆனால் பறித்தபோது இருந்த மண்ணைத் திருப்பித் தர அவனால் முடியாது என்பது அந்த இடத்தில் விளங்கிற்று.

இவ்வளவையும் சொன்னது நீங்கள் நம்புவதற்காக. இனி ஆணை.

இவ்வாண்டு முதல் தண்ணாற்று நாட்டில் எவரும் அரிதாளுக்கோ வைக்கோலுக்கோ வயலில் தீயிட வேண்டாம். இது பெருந்தன்மையும் அன்று, சோதனையும் அன்று. வைக்கோலில் மாட்டுக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள். மிச்சத்தையும் நிற்கும் தாளையும் அறுத்துப் பரப்பி, முதல் நீர் விட்டதும் மடக்கி உழுங்கள், மட்குவதற்கு நாள் கொடுத்து அதன்பின் நடுங்கள். அவசரப்பட்டு நட்டால் நாற்று மஞ்சளிக்கும் என்கிறார் சீராளனார், ஏனென்றால் மட்கும் வைக்கோல் சிறிது காலத்துக்கு மண்ணிலுள்ள தழைச்சத்தைத் தானே இழுத்துக்கொள்ளும். அதைக் கண்டு பயந்து மறுபடி தீக்குச் செல்ல வேண்டாம், எருவும் சாணக் கரைசலும் சேருங்கள், பச்சை திரும்பும். உழ முடியாதவர் குழி வெட்டி வைக்கோலைச் சாணத்தோடு அடுக்கி மட்க வையுங்கள். பூச்சியோ நோயோ பற்றிய தாள் இருந்தால் ஊர்ச்சபையில் சொல்லி, அதை மட்டும் வயலுக்கு வெளியே கொண்டுபோய் அழியுங்கள். மண் தேறும் வரை விளைச்சல் குறையும், பல ஆண்டும் ஆகலாம். அதுவரை விளைந்ததில் உங்களுக்கும் வித்துக்கும் போக மிஞ்சினால் மட்டுமே அரண்மனைக்கு அனுப்புங்கள். மிஞ்சாவிட்டால் அனுப்ப வேண்டாம், காரணமும் சொல்ல வேண்டாம்.

மாறன் காடனாரைச் சிறையிலிட வேண்டும் என்று சபையில் பலர் சொன்னார்கள். நாம் விரும்பியதைத்தான் அவர் செய்தார், நம் விருப்பத்துக்கு அவரைச் சிறையிலிடுவது எளிது, நீதியன்று என்று அரசர் மறுத்துவிட்டார். ஆனால் இவ்வோலையை ஊர் ஊராகக் கொண்டுவந்து, கோயில் வாசலில் நின்று, தம் வாயாலேயே முழுவதும் படிப்பவர் காடனார்தான். இப்போது நீங்கள் கேட்கும் குரல் அவருடையது. அவர் இந்த வரியை விட்டுவிட்டுப் படித்தால், உடன் வரும் ஐயாறன் எடுத்துச் சொல்வார். அவர்மேல் கல்லெறிய வேண்டாம்.

அமாவாசை மாலையில் மேல்மாடத்தில் எவரும் நிற்கமாட்டார்கள், காவலாளும் நிற்கமாட்டான். அன்று அரசர் புன்னைமேட்டில் இருப்பார். குடையில்லாமல், கொட்டுமுழக்கில்லாமல், வெண்ணியும் அவள் மக்களும் தாள் அறுக்கும் வயலில் அவரும் அறுப்பார். அறுக்கத் தெரியாது, அறிந்துகொள்வார்.

வழக்கமான ஓலையில் ஆணையை மீறுவோர் இன்ன பாவத்தில் போவார் என்று எழுதுவது முறை. இவ்வோலையில் அவ்வாறு எழுத அரசர் இசையவில்லை. இதற்குப் பிறகும் ஒருவர் தீ வைத்தால் அவர் நிலம் பறிக்கப்படாது, அவர் ஊர் பெயர்க்கப்படாது, ஏன் என்று மட்டும் ஓர் ஆள் வந்து கேட்பார். பாவம் எதுவாயினும் அது சேந்தன் மாறன் தலையில் இருக்கட்டும்.

இப்படிக்கு அரசர் தம் கையால் மோதிர முத்திரை இட்டார். தத்தன் எழுதினேன். மருத்துவர் சீராளனார் சாட்சி. ஆலங்காட்டுக் கூத்தன் ஐயாறன் சாட்சி. மூன்றாம் சாட்சியாகப் புன்னைமேட்டு வெண்ணி கீறவேண்டும் என்று அரசர் ஏட்டை அவளிடம் நீட்டினார். அவள் எழுத்தாணியை வாங்கவில்லை. "மொதல்ல அந்த ராத்திரி போவட்டும். எங்கயும் எரியலன்னா காலயில வந்து கீறுறேன்" என்றாள். அரசர் அவளை வற்புறுத்தவில்லை, அவளுக்குரிய இடத்தை நிரப்பவும் விடவில்லை.

ஆகவே இவ்வோலை ஒரு சாட்சி குறைவாக உங்களிடம் வருகிறது. அமாவாசையன்று நாடு முழுவதும் இருண்டு கிடக்கட்டும். இது அரசாணை, சேந்தன் மாறனின் வேண்டுகோளும் இதுவே.